கோயிலுக்கு வெளியே ஒரு மன்றாட்டு

2006 மே 21, ஞாயிற்றுக்கிழமை. காலையில் துணி தோய்த்துக் காயவிட்டேன். மதியம் சமைத்து மூடிவைத்துவிட்டு வழமைபோலக் கத்தோலிக்கக் கோயிலில் நடக்கும் தமிழ்ப் பூசைக்குப் போனேன். பூசையில் நினைவுகூர வேண்டிய இறந்தோரின் பெயர்களைக் கோயில் வாசலில் நின்று எழுதுவது என் பொறுப்பு.

எங்கள் துறைமுகத்திலிருந்து நாப்போலி நகருக்குப் போகும் இரவுக் கப்பலில் சமையல் வேலை செய்பவர் அன்றும் வந்தார். ஒல்லியான, உயரமான மனிதர். பூசை முடியும்வரை உட்காரமாட்டார். பின்சுவரோரம் அங்குமிங்கும் நடந்துகொண்டிருப்பார். அவர் தந்தது ஒரு பிரெஞ்சு நாவலாசிரியரின் பெயர். பெரிய கவிஞரும்கூட. இறந்து நூறு வருடங்களுக்கு மேலாகிவிட்டது.

“உங்கட சொந்தக்காரரோ அண்ணை?” என்று கேட்டேன்.

“நாளைக்கு அவரின்ரை நினைவு நாள், தங்கச்சி. ஏழையளுக்காக எழுதின மனிசன். இஞ்சை ஆர் அவருக்குப் பூசை குடுக்கப் போகினம்?”

எழுதிக்கொண்டேன். பூசை தொடங்குமுன் வேகமாகத் திரும்பி வந்தார்.

“அந்தப் பேரை வெட்டிவிடும். கோயில் செபம் வேண்டாமெண்டு எழுதிவைச்சிட்டுச் செத்தவர். அதை மீறேலாது.”

“அப்ப ஏன் பேர் தந்தனீங்கள்?”

“ஒண்டும் செய்யாமல் விடவும் மனம் கேக்குதில்லை.”

வெட்டினேன். அவர் நகரவில்லை.

“ஆனா சனத்திட்டை மன்றாட்டுக் கேட்டவர். நீர் வீட்டிலை சொல்லுவீரோ?”

“ஓம், சொல்லுறன்.”

மறுநாள் எழுந்ததும், கோப்பி போடுவதற்கு முன், குசினி யன்னலருகே நின்று அந்த எழுத்தாளருக்காக மன்றாடினேன். முடிந்ததும் கை தானாக நெற்றிக்குப் போனது. சிலுவை அடையாளம் போடலாமா என்று கேட்க அந்தச் சமையல்காரர் ஊரில் இல்லை. இரவுக் கப்பலில் போயிருந்தார். கையை நெற்றியில் வைத்தபடியே நின்றேன்.