குப்புறக் கிடந்த காலம்

கோயில் திருவிழாக்களில் நடக்கும் ஆடல் பாடல் நிகழ்ச்சிகளில் பல வருஷம் ஆடியவள் நான். இப்போதும் தூரத்தில் அந்த ஸ்பீக்கர் சத்தம் கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. எங்கள் செட்டின் ஓனர் ஒரு நாள் எல்லோர் முன்னாலும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மொகம் நல்லாத்தான் இருக்குது. பின்னாடி ஒண்ணுமே இல்லியே. சேலத்துலேருந்து வர்ற பொண்ணைப் பாரு. ஜனம் அவளைத்தான கேக்குது?"

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பியூட்டி பார்லர் வைத்திருந்த ஒருத்தியிடம் அவர்தான் என்னை அழைத்துப் போனார். அவள் உள் அறையில் என்னைக் குப்புறப் படுக்கச் சொல்லி, பிட்டத்தின் இரண்டு பக்கமும் பெரிய ஊசியால் எதையோ ஏற்றினாள். குத்திய ஓட்டைகளைப் பசை வைத்து ஒட்டினாள். "ஃபாரின் மருந்து. ஒண்ணும் ஆவாது" என்றாள்.

கொஞ்ச காலம் கூட்டம் விசிலடித்தது. பிறகு இடது பக்கம் கட்டி தட்ட ஆரம்பித்தது. தோல் கறுத்துக்கொண்டே போனது. தொட்டால் கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும். ஒரு திருவிழாவுக்கு வெள்ளிமலைக்கு ஜீப்பில் போனபோது, மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். முன் சீட்டிலிருந்து ஓனர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாடி, சீட்ல முள்ளா இருக்குது?"

ஜீப்பே சிரித்தது. ஆடி முடிப்பதற்குள் எனக்குக் காய்ச்சல் அனலாய் அடித்தது. மறுநாள் அவர் என்னை நைனார்பாளையத்தில் என் அக்கா வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே போய்விட்டார்.

அக்கா மக்காச்சோளக் காட்டில் கூலி வேலை செய்கிறவள். நான் ஆடப் போன நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. "இன்னாத்துக்கு இங்க வந்த? ஆடுன எடத்துலயே கெடக்கறதுதான?" என்றாள். பாவாடை சீழில் நனைந்திருந்ததைப் பார்த்த பிறகுதான் வாசலை விட்டு விலகினாள்.

கள்ளக்குறிச்சியில் ஒரு கிளினிக்குக்குப் போனோம். அரை மணி நேரத்தில் எல்லாவற்றையும் ஊசி போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம் என்றார் அங்கிருந்தவர். நான் சரி என்று சொல்லியிருப்பேன். அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "ஊசில ஏத்துனவளும் ஒண்ணும் ஆவாதுன்னுதான சொன்னா?" என்றாள். அங்கிருந்து பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பஸ்ஸில் வழி நெடுக நான் நின்றுகொண்டே போனேன்.

பிளாஸ்டிக் சர்ஜரி டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல் பேசினார்.

"உள்ள போட்டது சதையோட சதையா கலந்துடுச்சு. உறிஞ்சி எடுக்க முடியாது, வெட்டித்தான் எடுக்கணும். அப்பவும் முழுசா வராது. தொடைக்கு இறங்கினதை நான் தொடமாட்டேன், அங்க நரம்பு போகுது. முதல்ல சீழ் அடங்கணும். அதுக்கப்புறம்தான் கத்தி."

"பழையபடி ஆயிடுமா டாக்டர்?"

"ஆகாது. பள்ளம் விழும், தழும்பு இருக்கும். பள்ளத்தை நிரப்பலாமா வேணாமான்னு எல்லாம் ஆறின பிறகு பாக்கலாம். இப்பவே நிரப்பித் தர்றேன்னு யாராவது சொன்னா போயிடாதீங்க."

பொய்யாகவாவது ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாதா என்று எனக்கு அவர் மேலும் ஆத்திரம் வந்தது. உள்ளே போட்டது என்னவென்று தெரிந்தால் உதவியாக இருக்கும், கேட்டு வாருங்கள் என்று அனுப்பினார்.

பார்லரில் அவள் யாரோ ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்தும் நிமிரவில்லை.

"எனக்கு உள்ள இன்னா போட்டே? டாக்டர் கேக்கறாங்க. பேரை மட்டும் சொல்லு, போயிடறோம்."

"இன்னா ஒளறிகினு இருக்கே? நீ யாருன்னே எனக்குத் தெரியாது. வெளிய போ."

அக்கா காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு அதில் உட்கார்ந்தாள். "இவளால ஒக்கார முடியாது. நான் ஒக்காந்துகினு இருக்கேன். நீ சொல்ற வரைக்கும்" என்றாள்.

புருவம் திருத்த வந்த பெண் பாதியிலேயே எழுந்து போனாள். அடுத்து வந்தவள் வாசலோடு திரும்பினாள். அப்புறம்தான் பார்லர்காரி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"எனக்கே தெரியாதுடி. கேன்ல வரும். வாங்கி ஏத்துவேன். அவ்ளோதான்."

அவள் தலைமுடியைப் பிடித்து உலுக்கினேன். அக்கா தடுக்கவில்லை. போலீசில் புகார் கொடுத்துவிட்டு அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் ஷட்டர் சாத்தியிருந்தது. அவள் எந்த ஊருக்குப் போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

காய்ச்சலும் சீழும் அடங்கப் பல வாரம் மாத்திரை சாப்பிட்டேன். பிறகு ஆபரேஷன். வீட்டுக்கு வந்தபோது உடம்பிலிருந்து ஒரு டியூப் தொங்கியது, அதன் முனையில் பாட்டில். உட்காரக்கூடாது, மல்லாக்கப் படுக்கக்கூடாது. குப்புறக் கிடந்தபடி சோறு தின்றேன். ஒரு பக்கம் தையல் விட்டுப்போய் மறுபடி கத்தி வைத்தார்கள். அக்கா வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் பாட்டிலைக் காலி செய்தாள், புண்ணைத் துடைத்தாள். வாய் மட்டும் ஓயாது.

"உன்னப் பெத்ததுக்கு அம்மா ஒரு கல்லப் பெத்திருக்கலாம்."

எனக்கு நன்றி ஒன்றும் பொங்கவில்லை. என்னைத் திருப்பிப் போட்ட அந்தக் கைகளையே வெறுத்தேன். அவளும் என்னை மன்னித்துச் செய்யவில்லை. வேறு ஆள் இல்லாததால் செய்தாள்.

அப்படிக் கிடந்த ஒரு நாள் ஓனர் ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். படுத்த இடத்திலிருந்து அவருடைய செருப்பு மட்டும்தான் தெரிந்தது.

"சீக்கிரம் எழுந்து வா. இப்ப ஸ்பாஞ்சு வெச்ச பேண்டே கெடைக்குது. ஆர்டர் ஜாஸ்தி, ஆளு கம்மி."

கைக்கு எட்டியது தண்ணீர்ச் சொம்புதான். எடுத்து அந்தக் காலைப் பார்த்து வீசினேன். என் தாயைப் பழித்துத் திட்டிக்கொண்டே போனார்.

இப்போது இடது பக்கம் என் உள்ளங்கை புதையும் அளவுக்குப் பள்ளம். தொடைக்கு இறங்கியது அங்கேயே இருக்கிறது, இருக்கும் என்றுதான் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பள்ளத்தை நிரப்ப நான் கேட்கவில்லை. இன்னொரு ஊசி என் மேல் படுவதில் எனக்கு விருப்பமில்லை.

ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க நிற்க வைக்கிறார்கள் என்று மற்ற பெண்கள் புலம்புவார்கள். எனக்கு அது தொந்தரவில்லை. போன மாதம் அவர்களில் ஒருத்தி செல்போனில் பின்பக்கத்தைப் பெரிதாக்கித் தருவதாக ஒரு விளம்பரத்தைக் காட்டி, "ஊசிதானாம். ஆபரேஷன்கூட இல்லியாம். போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள். அவளை டிரையல் ரூமுக்குள் இழுத்துப் போய், கதவைச் சாத்தி, என் புடவையைத் தூக்கிக் காட்டினேன். அவள் கத்திக்கொண்டு வெளியே ஓடினாள். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை.