சீனிக்கு மேல் மைதா

மாமா பனி பார்க்கப் போனார். பைத்தியம் பிடித்தது என்னவோ எனக்கு. உம்மாவுக்கு அவர் ஒரே தம்பி, பர் துபாயில் மொபைல் கடை வைத்திருந்தார். டிசம்பர் லீவில் கூட்டாளிகளோடு ஜார்ஜியா மலைக்குப் பறந்துவிட்டார். நான் எங்கள் முவைலா ஃபிளாட்டில் உட்கார்ந்து பனிச்சரிவு வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினேன்.

ஒன்றை மட்டும் நம்ப முடியவில்லை. அடியிலிருக்கும் பழைய பனி சில நேரம் சீனி மாதிரி உதிரியாகிவிடுமாம். புயலில் விழும் புதுப்பனி அதன்மேல் பலகையாக இறுகுமாம். பிறகு வெயில் சுட்டாலோ, ஒரு ஆள் நடந்தாலோகூட மொத்தமும் சரியுமாம். செய்தே பார்த்துவிடுவது என்று சமையலறைக்குள் புகுந்தேன். ரொட்டிப் பலகையில் சீனியைப் பரப்பி, மேலே மைதாவைக் கொட்டி அழுத்திச் சாய்த்தேன். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் கொட்டினேன்.

அந்த நேரம் பார்த்து மாமா வீடியோவில் வந்தார். போனை மேடைமேல் சாய்த்து வைத்தேன், உம்மாவும் வந்து பக்கத்தில் நின்றாள். பின்னால், காலடி படாத வெள்ளைச் சரிவு.

“லாத்தா, புயல் கலாஸ்! வெயில் அடிக்குது. மேல ஏறப் போறோம்,” என்றார் உம்மாவிடம்.

மணல்காற்று அடங்கினால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் நாங்கள். வெயில் வந்தால் ஆபத்து போயிற்று என்றுதான் மாமாவும் நினைத்தார்.

“மாமா, நோ! இதப் பாருங்க!” என்று பலகையைச் சாய்த்து விரலால் தட்டினேன். மைதாவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. அப்படியே முழுசாக வழுக்கி உம்மாவின் கால்மேல் இறங்கியது. எனக்கு ஒரே சந்தோஷம்.

“பரோட்டா மாவக் காட்டி மிரட்டுறியா புள்ள?” மாமா விழுந்து விழுந்து சிரித்தார்.

உம்மா சிரிக்கவில்லை. போனை வெடுக்கென்று எடுத்தாள். “தம்பி, எனக்கு நெஞ்சப் புடிக்குது. வூட்டுல பெரியவங்க யாருமில்ல. எங்கயும் போவாத, லைன்லயே இரு.”

மாமாவின் முகம் வெளிறிவிட்டது. மலையை மறந்து ஹோட்டல் வாசலிலேயே நின்றார். கூட்டாளிகள் அவரைச் சூழ்ந்துகொண்டு, வேலைக்குப் போயிருந்த வாப்பாவுக்குப் போன் போட்டார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே மாமாவின் முதுகுக்குப் பின்னால், அந்தச் சரிவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது. மலையின் ஒரு பக்கமே கழன்று இறங்கி, ஹோட்டல் வேலி வரை வந்து நின்றது.

“சேம் டு சேம், உம்மா!” என்று குதித்தேன்.

நெஞ்சு வலி எங்கே போனதோ, உம்மா மைதாவுக்கு நடுவில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாக இருந்தது.

“அழாதீங்க உம்மா,” என்றேன், “கீழ க்ரோசரில வேற மைதா வாங்கிக்கலாம்.”