முக்காலுக்கு எத்தனை கால்

"திருப்பு!" என்று கணக்கு டீச்சர் பலகையைத் தட்டினால், "பெருக்கு!" என்று ஆறாம் வகுப்பு மொத்தமும் கத்தும். பின்னத்தால் வகுக்க வேண்டுமா, அதைத் தலைகீழாகத் திருப்பிப் பெருக்கு, விடை வந்துவிடும். இருபத்திரண்டு வருஷமாக அவள் நடத்தியது இப்படித்தான். பள்ளியில் அவளுக்குப் 'பெருக்கு டீச்சர்' என்றே பேர். வராந்தாவைக் கூட்டும் அக்கா, "நான் பெருக்கினா குறையுது, நீங்க பெருக்கினா கூடுது. அதுதான் சம்பளத்துலயும் தெரியுது," என்று துடைப்பத்தோடு சிரிப்பாள்.

அந்த வருஷம் புதிய பாடத்திட்டம் வந்தது. பருமனான புத்தகம். பின்ன வகுத்தலுக்கு நேரே ஒரே வரி: 'மாணவர் இந்த முறை ஏன் சரி என்று விளக்குவார்.' வியாழக்கிழமை பார்வையாளர் ஒருவர் வந்து கடைசி பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்காருவார். விளக்கம் வராவிட்டால் அந்த வகுப்பை டீச்சரிடமிருந்து எடுத்துவிட்டு, மூன்று மாதப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள்.

முதலில் அவள் சிரித்தாள். திங்கட்கிழமை மாடிப்படி ஏறும்போது, "சரி, ஏன் திருப்பணும்?" என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. இரண்டு படி இறங்கி மறுபடி ஏறிப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. தனக்குச் சொல்லிக்கொடுத்தவர் திருப்பச் சொன்னார், அவள் திருப்பினாள். அவ்வளவுதான்.

அன்றிலிருந்து நாற்காலி அவளுக்கு ஒட்டவில்லை. ஆசிரியர் அறையில் உட்காருவாள், எழுந்திருப்பாள், ஜன்னலைத் திறந்து மூடுவாள். பயிற்சி ஆசிரியராக வந்திருந்தவரைப் பிடித்துக் கேட்டாள். "அது விதி மேடம்," என்றார் அவர். தலைமையாசிரியரைக் கேட்டாள். "பார்வையாளர் அவ்வளவு ஆழமா போகமாட்டார்மா," என்றார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வீட்டுக்காரர் தைக்கும் மேஜையைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். அவர் ஆஸ்பத்திரிக்குத் தலையணை உறை வெட்டிக்கொண்டிருந்தார்.

"ஒரு இடத்துல நில்லு. நீ நடக்கிற காத்துல துணி பறக்குது."

"மூணு மீட்டர்ல முக்கால் மீட்டர் உறை எத்தனை வரும்?"

"நாலு."

"எப்படிச் சொன்னீங்க? திருப்பிப் பெருக்கினீங்களா?"

"எதைத் திருப்புறது? மீட்டருக்கு நாலு கால். மூணு மீட்டருக்குப் பன்னெண்டு கால். உறைக்கு மூணு கால் போகுது. நாலு உறை. இதுக்கா ரெண்டு நாளா வீட்டை அளக்கிறே?"

அவள் அப்படியே நின்றுவிட்டாள். நாலால் பெருக்கி, மூன்றால் வகுத்திருக்கிறார். மேலே இருந்த மூன்று கீழே போக, கீழே இருந்த நாலு மேலே வந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷமாகத் திருப்பியது இதைத்தானா!

வியாழக்கிழமை, பழைய செய்தித்தாளை மூன்று மீட்டர் நாடாவாக ஒட்டி எடுத்துப் போனாள். பார்வையாளர் இளவயதுப் பெண். மடியில் படிவம், கையில் கடிகாரம். பாடம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. பிள்ளைகள் நாடாவை வெட்டினார்கள், நாலு உறை வந்தது, காரணமும் சொன்னார்கள். பத்து நிமிஷம் மிச்சம். அங்கே நிறுத்தியிருக்கலாம்.

"டீச்சர், ரெண்டு மீட்டர்தான் இருந்தா?" என்றான் வாயாடி ஒருவன்.

"அதையும் பார்த்துடுவோம்," என்றாள் அவள், வந்த தெம்பில்.

திருப்பிப் பெருக்கினால் இரண்டே மூன்றில் இரண்டு வந்தது. வெட்டிய துண்டுகளை இரண்டு மீட்டருக்கு மறுபடி ஒட்டி வெட்டினால், இரண்டு உறை போக அரை மீட்டர் மீந்தது. "விடை ரெண்டரை டீச்சர்! அரைதானே மிச்சம்? பலகையில தப்பு!" என்று வகுப்பு எழுந்து நின்றது.

அளவுகோலை வைத்துப் பார்த்தாள். அரை மீட்டர்தான், சந்தேகமில்லை. பலகையைச் சரிபார்த்தாள். அதுவும் சரி. 'விதி அப்படித்தான், எழுதிக்கோங்க' என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் வகுப்பு அவள் கையைவிட்டுப் போயிருக்காது.

"எனக்குத் தெரியலை," என்றாள். "ரெண்டும் சரியா இருக்கு. ஆனா ஒத்துவரலை. யோசிங்க."

கடைசி பெஞ்சில் பேனா ஓடியது. பிள்ளைகள் நாடாவைச் சூழ்ந்து சண்டை போட்டார்கள். மணி அடித்தது. பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்து, படிவத்தை மூடினார். அடுத்த பாடத்துக்கு மொழி ஆசிரியர் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ரெண்டே நிமிஷம்," என்றாள் டீச்சர்.

எப்போதும் தனக்குள்ளேயே பேசிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு வகுப்பில் 'முணுமுணுப்பு' என்று பேர். அவள் மிச்சத் துண்டை இரண்டு காலாக மடித்துப் பிடித்தாள்.

"முக்காலிக்கு மூணு கால் வேணும். இதுல ரெண்டு கால்தான் இருக்கு."

"அதனால?"

"இது அரை மீட்டர். ஆனா அரை உறை இல்ல டீச்சர். மூணு கால்ல ரெண்டு கால் வந்தாச்சு. மூன்றில் இரண்டு உறை."

"நொண்டி முக்காலி!" என்று வாயாடி கத்த, வகுப்பு அதிர்ந்தது. மொழி ஆசிரியரும் சிரித்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே பலகையில் இருந்த விடைக்குக் கீழே கோடு போட்டாள்.

வராந்தாவில் பார்வையாளர் தயங்கி நின்றார். "அந்தப் பொண்ணு சொன்னதைக் கேட்டேன் டீச்சர். ஆனா நாற்பது நிமிஷத்துக்குள்ள நடந்ததைத்தான் நான் எழுத முடியும். அதுக்குள்ள நீங்க தெரியலைன்னு சொன்னதுதான் இருக்கு."

"அது உண்மைதானே. எழுதுங்க."

மதியம் தலைமையாசிரியர் படிவத்தை நீட்டினார். திங்கட்கிழமையிலிருந்து பயிற்சி. 'ஆசிரியர் கருத்து' என்ற கட்டம் காலியாக இருந்தது. 'மிச்சம் அரை மீட்டர். உறையில் மூன்றில் இரண்டு. இதை வகுப்பு கண்டுபிடித்தது. எனக்கு முன்பு தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"என் பிள்ளைங்களை யார் எடுக்கிறாங்க சார்?"

"ஆள் ஏதும்மா? நான்தான்."

"இந்த ரெண்டரை எப்படித் தப்புன்னு கேட்பாங்க."

தலைமையாசிரியர் படிவத்தை ஒருமுறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். எழுந்து போய் அறைக்கதவைச் சாத்தினார்.

"நாளைக்குக் காலையில மணி அடிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் வந்துடுங்கம்மா," என்றார் மெதுவாக. "அந்த நாடாவையும் எடுத்துட்டு வாங்க."