தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கிய கட்டைவிரல்

அச்சகத்தில் அவருக்கு மில்லிமீட்டர் என்று பெயர். காகிதம் வெட்டும் இயந்திரத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவர். ஐந்நூறு தாளை ஒன்றாக அடுக்கி, வலது கட்டைவிரலால் விளிம்பை ஒரு தடவு தடவினால் போதும்; எந்தத் தாள் மயிரிழை நீட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். அளவுகோலைத் தேடுகிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பாக வரும். அந்தக் கட்டைவிரலைத்தான் அந்தப் பாழாய்ப்போன இயந்திரம் ஒருநாள் தின்றது. தாள்களை அமுக்கிப் பிடிக்க ஓர் இரும்புச் சட்டம் இறங்கும், அதன் பின்னாலேயே கத்தி இறங்கும். சட்டம் நசுக்கியது, கத்தி மிச்சத்தை முடித்தது.

நசுங்கிய விரலை ஒட்டவைக்க வழியில்லை. டாக்டர் அவருடைய இடது காலின் பெருவிரலை எடுத்துக் கையில் வைத்துத் தைத்தார். பதினோரு மணி நேரம்! தைத்த விரலில் ரத்தம் ஓடியது, அது உயிரோடு நின்றது. டாக்டரைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. அச்சகத்துக்காரர்கள் பார்க்க வந்து, “அண்ணே, இனிமே செருப்பு வாங்கினா கைக்கும் சேர்த்து வாங்கணும்போல” என்றார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மனைவிதான் முதல் தடவை அந்த விரலுக்கு நகம் வெட்டிவிட்டபோது, “என்னங்க, காலைப் பிடிச்சிருக்கேனா கையைப் பிடிச்சிருக்கேனான்னே தெரியலையே” என்று அழுதுவிட்டாள்.

புது விரல் பிடிக்கும், தூக்கும், சாவியைத் திருப்பும். ஆனால் அதற்கு ஒன்றும் தெரியாது. கொதிக்கிற தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டே அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் பார்த்தால் கொப்புளம். கண்ணை மூடினால் அந்த விரல் மடங்கியிருக்கிறதா, நீட்டியிருக்கிறதா என்பதுகூட அவருக்குப் புரியாது. நடக்கும்போது இடது கால் வேறு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இதை வைத்துக்கொண்டு கத்திக்கு முன்னால் எப்படி நிற்பது? மேனேஜரிடம் போய், “சார், கத்தி வேணாம். என்னைக் காகிதக் கிடங்குல போட்டுடுங்க” என்று கேட்டார்.

“ஆஸ்பத்திரி ரிப்போர்ட் வரட்டும், பாக்கலாம்” என்றார் மேனேஜர்.

ரிப்போர்ட் என்றால் அடிபட்ட விவரம், ஆபரேஷன் விவரம் எழுதியிருக்கும் என்று நம் ஆள் நினைத்துக்கொண்டார். அங்கேதான் கோட்டை விட்டார்.

வருஷம் திரும்பியதும் ஆஸ்பத்திரியில் ஒரு சோதனை. வெளியூரிலிருந்து பெரிய டாக்டர்கள் பார்க்க வருகிறார்கள் என்று பேச்சு. கையைப் பழக்கிவிடும் பிசியோ அம்மா, நல்ல மனசோடு, விஷயத்தை முன்கூட்டியே சொல்லிவிட்டாள். கண்ணைக் கட்டிவிடுவார்கள். எவர்சில்வர் தட்டில் ஏழு பொருள் இருக்கும்: நாணயம், சாவி, பொத்தான், ஊக்கு, கோலி, திருகாணி, ரப்பர். புது விரலால் எடுத்து, இன்னது என்று சொல்ல வேண்டும்; வேகத்துக்கும் மதிப்பெண் உண்டு. “எல்லாருக்கும் எப்பவும் இதே ஏழுதான், பயப்படாதீங்க” என்றாள்.

போதாதா? இரண்டு மாதம் வீட்டில் தட்டும் கையுமாக உட்கார்ந்தார். விரல் ஒன்றும் சொல்லவில்லை, காது சொன்னது. நாணயம் தட்டில் உரசினால் ஒரு சத்தம், சாவிக்கு வேறு சத்தம், கோலி உருளும், ரப்பருக்குச் சத்தமே கிடையாது.

“ஏங்க, இது காப்பி அடிக்கிற மாதிரி இல்ல?” என்றாள் மனைவி.

“நான் என்ன பரீட்சையா எழுதுறேன்? அந்த மனுஷன் எனக்காகப் பதினோரு மணி நேரம் நின்னாருடி. பத்து பேர் முன்னாடி அவர் தலை குனியலாமா?”

குனியவில்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றாறு! வந்த டாக்டர்கள் கை தட்டினார்கள். ஆபரேஷன் செய்த டாக்டர் அவர் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். “என் பேஷன்ட்லயே நீங்கதான் முதல்” என்றார். மனுஷன் அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் படாமல் திரிந்தார்.

அடுத்த வாரம் மேனேஜர் கூப்பிட்டார். மேஜையில் ரிப்போர்ட் இருந்தது. “எழுபதுக்குக் கீழே இருந்தாத்தான் வேற வேலை. நீங்க தொண்ணூத்தாறு. எங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? திங்கக்கிழமை மெஷினுக்கு வந்துடுங்க.”

பதறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வெட்கத்தை விட்டு எல்லாவற்றையும் கொட்டினார். “டாக்டர், விரல் எதையும் சொல்லலை. சத்தத்தை வச்சுச் சொன்னேன். இன்னொரு தடவை பாருங்க. காதுல பஞ்சு வச்சுப் பாருங்க.”

டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. “அத்தனை பேரும் கண்ணால பாத்தாங்களே. இப்ப வேலைக்குப் பயந்துக்கிட்டு இப்படிப் பேசுறீங்களா?”

“சத்தியமா இல்ல டாக்டர்.”

பிசியோ அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளும் தரையைப் பார்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் மறுபடி சோதனை வைத்தார்கள். காதில் பஞ்சு, கண்ணில் கட்டு. நாணயத்தை ஊக்கு என்றார், பொத்தானை ரப்பர் என்றார், சாவியைக் கீழே போட்டார். அவர் வாழ்க்கையிலேயே நாணயமாக எழுதிய ஒரே பரீட்சை அதுதான். டாக்டர் தாளில் எழுதினார்: நோயாளி ஒத்துழைக்கவில்லை. முந்தைய மதிப்பெண்ணே செல்லும்.

“வேலையை விட்டுடுங்களேன்” என்றாள் மனைவி.

“நாற்பத்தஞ்சு வயசுல, இந்தக் கையைக் காட்டினா எவன் வேலை தருவான்?” என்றார்.

திங்கட்கிழமை போய் நின்றார். முதல் நான்கு நாள் விரலைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். வேலை ஆமையாக நகர்ந்தது. “என்ன மில்லிமீட்டர், தொண்ணூத்தாறு வாங்கின கைக்கு இவ்வளவுதான் வேகமா?” என்று மேனேஜர் எல்லோர் எதிரிலும் கேட்டார். ஐந்தாம் நாள் விரலைப் பார்ப்பதை விட்டு, தாளைப் பார்த்து வெட்டத் தொடங்கினார். வேகம் வந்தது. மத்தியானத்துக்குள் பதினாறு கட்டு முடிந்தது.

பதினேழாவது கட்டை அடுக்கிச் சட்டத்தை இறக்கினார். கத்தி விழுந்து ஏறியது. வெட்டிய தாள்களை எடுத்துப் புரட்டினால் விளிம்பெல்லாம் சிவப்பு. சுள்ளென்று கோபம் வந்தது அவருக்கு.

“எவன்டா அது, கையை அறுத்துக்கிட்டுத் தாளைத் தொட்டவன்?” என்று கத்தினார்.

எல்லோரும் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.