கடல் தெரியும் ரூம்

எங்கள் மாமாவுக்கு ஒரு காலத்தில் அரண்மனை மாதிரி ரூம் இருந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அம்மாவின் அண்ணனான அவர், கல்யாணத்துக்கு முன்னால், நாங்கள் இருக்கும் இதே அரபு நாட்டில், புஜைரா பக்கம் ஒரு பேரீச்சைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். "ரூமுல படுத்துக்கிட்டே கடலப் பாக்கலாம், ஆத்தா" என்பார். எங்கள் பிளாட் ஜன்னலில் தெரிந்ததெல்லாம் எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள். பொறாமை வராதா?

அந்தத் தோட்டத்தைப் பழைய முதலாளியின் மகன் புதுப்பித்திருந்தார். அந்த வறண்ட நிலத்தில் முதல் கிணறு வெட்டியதே அவருடைய முப்பாட்டனாராம். இடிந்த சுவர்களுக்கு வைக்கோல் கலந்த மண் பூசி, பேரீச்சை மட்டையால் கூரை வேய்ந்து, எல்லாரும் பார்க்கத் திறந்துவிடுகிறோம், குடும்பத்தோடு வா என்று மாமாவுக்கு போன் வந்தது. மாமா புதுச்சட்டை வாங்கினார். எனக்குத் தூக்கமே பிடிக்கவில்லை.

காரை விட்டு இறங்கியதும் மாமா எங்களை விடுவிடென்று கிணற்றுக்குப் பின்னால் கூட்டிப்போனார். ஒரு குட்டை அறையின் முன்னால் புதுப் பலகை இருந்தது. "என்ன போட்டுருக்கு, படி பாப்போம்" என்றார்.

"ஆட்டுக் கொட்டகை, மாமா."

"அப்படியா" என்றார்.

எனக்கு ஆடு எதற்கு? பிடித்தேன் ஓட்டம். அறை அறையாகப் புகுந்து கடலைத் தேடினேன். காவல் கோபுரத்து மாடியில் சிவப்புக் கம்பளமும் திண்டுகளுமாக ஓர் அறை. ஜன்னல் நிறையக் கடல்! "மாமா, இதுதானே உங்க ரூம்?" என்று கத்தினேன். மூச்சு வாங்க ஏறி வந்தவர் சுற்றிலும் பார்த்தார்.

"ஆமாத்தா. இதேதான்."

சந்தோஷம் தாங்காமல் கம்பளத்தில் உருண்டேன்.

இறங்கி வந்த ஜோரில் கொட்டகைக்குள்ளும் தலையை நீட்டினேன். கைக்குட்டை அளவுக்கு ஒரு ஜன்னல், அதிலும் கடல். பூசாமல் விட்டிருந்த பழைய சுவரில் மூன்று வெள்ளைக் கோடுகள், நடுவில் மங்கிய குங்குமப் பொட்டு. "ஆடெல்லாம் பட்டை போட்டு சாமி கும்பிட்டிருக்கு!" என்று கூவினேன். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் மாமாதான்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே போய், அந்தக் கோடுகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஆட்டுக் கொட்டகையைப் போய் யாராவது கும்பிடுவார்களா என்று, வீடு வந்து சேரும்வரை அவளையும் கேலி செய்துகொண்டே வந்தேன்.