இரண்டில் நிற்க வேண்டிய பந்து

அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மிஷின் இருக்கிறது. அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து, மூக்குக் குழாய் வழியாக அவருக்குக் கொடுக்கும். அதன் முகப்பில் எண்கள் போட்ட ஒரு கண்ணாடிக் குழல், உள்ளே ஒரு சின்னப் பந்து. திருகைத் திருப்பினால் பந்து ஏறும். அது இரண்டில்தான் நிற்க வேண்டும், எவ்வளவு திணறினாலும் கூட்டக் கூடாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். நானும் இரண்டு தடவை தலையாட்டினேன். தலையாட்டுவதற்கு என்ன, ஆஸ்பத்திரியில் எல்லோரும் நன்றாகத்தான் தலையாட்டுகிறோம்.

மண்டைக்காட்டுப் பக்கத்துக் கடலில் ஆயுசு முழுக்க வள்ளத்தில் எஞ்சின் பிடித்தவர் அப்பா. மண்ணெண்ணெய்ப் புகையும் பீடிப் புகையும் சேர்ந்து நெஞ்சைத் தின்றுவிட்டன. இப்போது கட்டிலிலிருந்து கக்கூசுக்கு ஒன்பது எட்டு வைக்க வேண்டும். போய் வந்தால் அரைமணி நேரம் வாயைத் திறந்துகொண்டு, தோள் ஏறி இறங்க, கண் பிதுங்க உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் இருந்து பார்த்தால் நாம் மூச்சு விடுவதே பாவம் போலத் தோன்றும். எனக்கோ கோபம் வரும். அவர் மேல், பீடி மேல், பக்கத்து வீட்டில் சத்தமாகச் சிரிக்கிறவர்கள் மேல்.

"கொஞ்சம் கூட்டு மக்கா" என்பார்.

"டாக்டர் ஏசுவாரு அப்பா."

"டாக்டர் கடலுக்குப் போயிருக்காரா? அலை வரும்பம் எஞ்சினைக் கூட்டிக் குடுக்கணும். இல்லன்னா வள்ளம் ஏறாது."

ஒரு திங்கட்கிழமை காலையில் அவருக்கு அந்த அலை வந்தது. உதடு நீலம் பூத்து, என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது. நான் திருகை மூன்றுக்குத் திருப்பினேன். பிறகு நான்கு. பிறகு ஐந்து. திணறல் மெல்ல அடங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி எப்போதும் எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது என்றுதான் காட்டும். அன்று தொண்ணூற்றெட்டு காட்டியது. என் மகள் பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் வாங்காத மார்க்.

அப்பா சாய்ந்து படுத்து உறங்கினார். அப்படி உறங்கி எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுக்களையில் உட்கார்ந்து, சாளைமீன் குழம்பு ஊற்றி, நிதானமாக ஒரு தட்டுச் சோறு தின்றேன். அந்தச் சோறு இன்னும் எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

மதியம் தாண்டியும் அவர் எழவில்லை. கூப்பிட்டால் "ம்" என்றார், கண் திறக்கவில்லை. கை சூடாக இருந்தது, விரல்கள் லேசாக உதறின. பயந்துபோய் மாமியை அழைத்து வந்தேன். அப்பாவின் அக்கா. ஊரில் பலருடைய கடைசி மூச்சைப் பக்கத்திலிருந்து பார்த்தவள். அவர் கன்னத்தில் தட்டினாள், இமையைத் தூக்கிப் பார்த்தாள். மாதா படத்துக்குப் பின்னாலிருந்து மந்திரித்த மெழுகுதிரியை எடுத்து வந்தாள்.

எங்கள் வீடுகளில் சாகக் கிடப்பவர் கையில் அந்தத் திரியைக் கொளுத்திப் பிடித்துக் கொடுப்போம். போகிற வழிக்கு வெளிச்சம். அம்மா போனபோது அவள் கைக்குள் திரியை வைத்துப் பொத்திப் பிடித்தவர் அப்பாதான். தனக்கு உள்ளதையும் அவரே எடுத்து வைத்திருந்தார்.

மாமி தீக்குச்சியை உரசப் போனாள். நான் பாய்ந்து பெட்டியைப் பிடுங்கினேன். ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் தீ பட்டால் அப்பாவின் முகமே பற்றிக்கொள்ளும்.

"கொளுத்தாதீங்க மாமி. மிஷின் ஓடுது."

"அப்பம் மிஷினை ஆஃப் பண்ணு."

"பண்ணினா மூச்சு நின்னுரும்."

"அது நிக்கத்தான் போவுது ஏட்டி. என் தம்பியை இருட்டுலயா அனுப்பச் சொல்லுத?"

அவள் குரல் உடைந்தது. அந்த நிமிஷம் அவளை வெறுத்தேன். ஆனாலும் அவள் சொன்னதுதான் சரி என்று பட்டது. மிஷின் இருந்தால் திரி இல்லை, திரி வேண்டும் என்றால் மிஷின் இல்லை. நிறுத்தப் போவது என் கை. முழங்கால் போட்டு சுவிட்சுக்குக் கை நீட்டினேன். அதற்கு நேர் மேலே கண்ணாடிக் குழல். பந்து ஐந்தில் நின்றது.

சுவிட்சை விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எடுத்த நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, "பந்து எதுல நிக்குது?" சொன்னேன். "யாரு கூட்டுனது?" நான்தான் என்றேன். "உடனே ரெண்டுக்குக் கொண்டு வாங்க. நிறுத்திராதீங்க. ஆம்புலன்ஸ் பிடிச்சுக் கொண்டாங்க. இவங்களுக்கு ஆக்சிஜன் கூடிப் போச்சுன்னா கெட்ட காத்து உள்ளயே தங்கிரும். அதுலதான் மயங்கிக் கிடக்காரு."

நான் பார்த்துப் பூரித்தது உறக்கமே இல்லை. பெற்ற அப்பாவை நானே கொன்றுகொண்டிருந்தேன், சோறும் தின்றேன்.

ஆம்புலன்சில் மாமி கொளுத்தாத திரியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அப்பாவின் முகத்தில் இறுக்கமாக முகமூடி மாட்டி, வேறு மிஷினால் காற்றைத் தள்ளினார்கள். மூன்றாம் நாள் கண் திறந்தார். மாதா செய்த புதுமை என்று மாமி ஊரெல்லாம் சொன்னாள். ஐந்தைப் பற்றி அவளிடம் நான் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபின் பழையபடி இரண்டு, பழையபடி திணறல். நடந்தது எல்லாவற்றையும் டாக்டர் அப்பாவிடமே விளக்கிச் சொல்லிவிட்டார். அதனால் இப்போது அவர் வள்ளம், அலை என்றெல்லாம் பேசுவதில்லை.

"அண்ணைக்கு நல்லா உறங்குனேன் மக்கா" என்றார் இன்று காலையில். "எதுக்கு எழுப்புன? கொஞ்சம் கூட்டி வையி."

கொஞ்ச நேரம் கழித்துத் திரியை எடுத்துத் தரச் சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். அவருடைய தோள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. நான் மிஷினுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன். என் கையை எனக்கு நம்பிக்கை இல்லை.