கடைசி வயலும் பதினொரு கேள்விகளும்

அப்பா இறந்தபோது அவருடைய வலைப்பூவில் பதினொரு கேள்விகள் வெளியிடப்படாமல் கிடந்தன. நாளுக்கு ஒன்று போட்டால் பதினொரு நாள். வாரத்துக்கு ஒன்று என்றால் இரண்டரை மாதம். மாதத்துக்கு ஒன்று என்றால் ஏறக்குறைய ஆண்டுத்திவசம் வரை இழுக்கலாம்.

இந்தக் கணக்கை முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த மறுநாள் போட்டேன். நான் கணினி வலையமைப்புத் தொழில்நுட்பவியலாளர். எதையும் முதலில் எண்ணிப் பார்ப்பது பழக்கம். பதினொன்றும் தீர்ந்தால் அவரிடமிருந்து புதிதாக ஒன்றும் வராது. அதனால்தான் இடைவெளி எனக்கு அவ்வளவு முக்கியமாகிவிட்டது.

அப்பா வினாயகமூர்த்தி, ஊர் செங்கலடி. புல்லுமுனை வட்டையில் இருபத்தாறு வருடம் வட்டவிதானையாக இருந்தார். வட்டை என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்கிற வயல்வெளி. அந்தத் தண்ணீரை யாருக்கு எப்போது என்று பங்கிடுகிறவர் வட்டவிதானை. வயல்காரர்கள் கூடி அவரைத் தெரிவு செய்வார்கள். அடுத்த நாளிலிருந்து ஏசத் தொடங்குவார்கள்.

அப்பா திருப்பி ஏசியதில்லை. யார் என்ன சொன்னாலும் "பார்ப்பம்" என்பார். வருடத்துக்கு ஒரு செருப்பையாவது சேற்றுக்குக் கொடுத்துவிட்டு வருவார். மிஞ்சிய ஒற்றைகளைச் சோடி சேர்த்துப் போடுவார். எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவருடைய இடது கால் நீலம், வலது கால் சிவப்பு.

முழங்கால் வலி வந்து வட்டவிதானை வேலையை விட்டதும் வீட்டிலிருந்து அம்மாவிடம் கேள்வி கேட்கத் தொடங்கினார். யானைவேலிக்குள்ள இருக்கிறது யானையா, நாமளா? மயிலை விரட்டினா முருகனுக்குக் கோவம் வருமா? அம்மா ஒரு வாரம் பொறுத்தாள்.

"இந்த மனிசனுக்குக் கேள்வி கேட்க எங்கயாவது ஒரு இடம் செய்து குடு புள்ள. எனக்குச் சமைக்க ஏலாமக் கிடக்கு" என்றாள்.

வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கிக் கொடுத்தேன். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "எல்லாரும் ஒரே நேரத்தில கத்துறாங்க. வாய்க்கால் கூட்டம் மாதிரி இருக்கு" என்றார். பிறகுதான் வலைப்பூ. பெயர் அவரே வைத்தார்: 'வரம்புக்கதை'. அவர் ஒரு கேள்வி போடுவார், வாசகர்கள் கீழே பதில் எழுதுவார்கள். பழைய வயல்காரர்கள், அவர்களுடைய பிள்ளைகள், கட்டாரிலும் சுவிஸிலும் இருக்கிற மருமக்கள் என்று நாற்பது பேர் சேர்ந்தார்கள்.

முதல் வாரம் நாளுக்கு ஒரு கேள்வி போட்டார். ஒடுங்கின வரம்பில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் யார் சேற்றுக்குள் இறங்க வேண்டும் என்பது முதல் கேள்வி. அதற்குப் பத்தொன்பது பதில்கள். ஏழாவது கேள்விக்கு இரண்டு. இரண்டும் கேதீஸ்வரி ரீச்சருடையவை. அவர் வாழைச்சேனையில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர். கேள்வி போட்டு நான்கு நிமிடத்துக்குள் பதில் எழுதுவார். பிறகு தன் பதிலுக்குத் தானே புள்ளியும் போடுவார்.

நான் வரைபடம் கீறிக் காட்டினேன். "கிழமைக்கு ஒண்டு போதும் அப்பா. செவ்வாய், பின்னேரம் ஏழு மணி. அப்பதான் ஆக்கள் கூட வாறாங்க."

"செவ்வாய் ஒண்ணா, வேணாம்."

"அப்ப புதன்."

"புதன்ல என்ன இருக்கு?"

"உங்களுக்கு எப்பதான் போடணும்?"

"கடைசி வயலுக்குத் தண்ணி போய்ச் சேர்ந்தாப்பிறகு."

வட்டையில் அவர் வைத்திருந்த சட்டம் அது. தண்ணீரைத் திறந்தால் துருசுக்கு, அதாவது மதகுக்கு, பக்கத்து வயல்கள் முதல் மணித்தியாலத்திலேயே குடித்துவிடும். வாய்க்காலின் கடைசி வயலுக்குப் போய்ச் சேர நாட்கள் எடுக்கும். கடைசி வயல்காரன் விதானையின் வீட்டுக்கு நேரில் வந்து "வந்திட்டு" என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த முறை. வராத தண்ணீரை வந்தது என்றோ, வந்த தண்ணீரை வரவில்லை என்றோ சொன்னவனோடு வட்டையில் யாரும் தேநீர் குடிக்க மாட்டார்கள்.

புல்லுமுனையின் கடைசி வயல் ஏறாவூர் அசனார் காக்காவுடையது. எங்கள் பக்கத்தில் முஸ்லிம் பெரியவர்களை அண்ணன் முறையில் காக்கா என்போம். நாற்பத்தோராம் இலக்கம். வலைப்பூவிலும் அவர்தான் கடைசி. கேள்வியைப் படிப்பார், தொழுகைக்குப் போவார், யோசிப்பார், கடைப்பக்கம் இரண்டு பேரிடம் கேட்பார், பிறகு மருமகள் பர்ஸானாவைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்ல எழுத வைப்பார். ஒவ்வொரு பதிலும் "வந்திட்டு" என்றுதான் தொடங்கும். பர்ஸானா சொன்னதை அப்படியே எழுதிவிட்டு அடியில் தன் கருத்தையும் சேர்ப்பாள்: '(மாமா சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. – பர்ஸானா)'.

"கடைசி வயலுக்கு எத்தனை நாள் எடுக்கும்?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

"போய்ச் சேரும் வரைக்கும்."

"அதை நான் புரோகிராமில எப்பிடி எழுதுறது?"

"எழுதாத. போய்ப் பார்."

எழுதவில்லை. ஆனால் எண்ணினேன். அந்த முதல் வாரத்தை விட்டுப் பார்த்தால், மூன்று வருடங்களில் ஒரு கேள்விக்கும் அடுத்ததற்கும் இடையில் சராசரி ஒன்பது நாள். மிகக் குறைந்தது இரண்டு. மிகக் கூடியது முப்பத்தொன்று, நோன்பு மாதம். கேதீஸ்வரி ரீச்சர் இடையில் நான்கு முறை முறைப்பாடு செய்தார். அப்பா நான்கு முறையும் 'பார்ப்பம்' என்று பதில் போட்டார்.

தை பதினாறு, காலை. அப்பா கிணற்றடிக்குப் போகச் சாரத்தை மடித்துக் கட்டினார். விழுந்தார். வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே முடிந்தது. இதற்கு மேல் எழுத எனக்கு வராது.

அந்தப் பதினொரு கேள்விகளுக்கு மாதம் ஒன்று என்று முடிவு செய்து முதலாவதைப் போட்டேன். மீன்குழம்புக்கு மாங்காயா, புளியா? மூன்றாம் நாள் ரீச்சர் எழுதினார்: 'எல்லாரும் பதில் சொல்லியாகிவிட்டது. விதானையார் இருந்திருந்தால் இந்நேரம் திறந்திருப்பார்.' உண்மைதான். பக்கத்தை இறக்கிப் பார்த்தேன். கடைசியில் அசனார் காக்கா: 'வந்திட்டு. மாங்காய்.'

கேள்வி போட்ட அன்றே எழுதியிருந்தார்.

அப்பாவின் சட்டத்தை நான் மீற முடியாது. அடுத்ததைத் திறந்தேன். வயலில் ஆட்டுக்கிடை போட்டால் லாபம் யாருக்கு? மறுநாள் அசனார்: 'வந்திட்டு. ஆட்டுக்காரனுக்குத்தான் லாபம்.' அதற்கடுத்தது, ஆறு மணித்தியாலம். அதற்கடுத்தது, மூன்று. மூன்று வருடமாகக் கேள்விக்கு ஒன்பது நாள் எடுத்த மனிதர் கேதீஸ்வரி ரீச்சரோடு போட்டிக்கு இறங்கியதுபோல் எழுதித் தள்ளினார். பர்ஸானாவுக்கு அடைப்புக்குறி போடக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஒரு வாரத்தில் ஏழு கேள்விகள் போய்விட்டன. நான்கு மிச்சம். இந்த வேகத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை அப்பா தீர்ந்துவிடுவார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனேன்.

அசனார் காக்கா வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். பர்ஸானா பால் விடாத பிளேன்டியும் தொதல் இனிப்பும் கொண்டுவந்து வைத்தாள்.

"காக்கா, நீங்க ஏன் இவ்வளவு கெதியாப் பதில் போடுறீங்க?"

"உனக்காகத்தான் புள்ள. வாப்பா இல்லாத புள்ளய ஒன்பது நாள் காக்க வைக்கிறதா?"

"மாமா என்னை அடுப்படியில இருந்து இழுத்திட்டு வாறாரு" என்றாள் பர்ஸானா. "நேத்து சோறு கருகிட்டு."

"அந்தக் கேள்வியெல்லாம் அப்பா எழுதி வச்சது, காக்கா. பதினொண்டுதான் இருந்திச்சு. இப்ப நாலு."

அவர் தொதலைக் கீழே வைத்தார். "விதானையார் எழுதினதா? நான் நீ எழுதுறாய் எண்டெல்லோ நினைச்சன். அதுதான் பார்த்தன், மகளும் வாப்பாவைப் போலவே விசர்க் கேள்வி கேக்குறாளே எண்டு."

"கொஞ்சம் மெதுவாப் பதில் சொல்லுங்க காக்கா. பழைய மாதிரி."

"ஏலாது."

"ஏன்?"

"தண்ணி வந்திட்டு. வந்த தண்ணிய வரல்ல எண்டு சொல்ல ஏலுமா? இருபத்தாறு வருஷம் அந்த மனிசன்ட வாசல்ல போய் உள்ளதைச் சொன்னவன் நான்."

"பதில் தெரிஞ்சாலும் சொல்லாம இருக்கலாமே மாமா" என்றாள் பர்ஸானா.

"உன்ட வாப்பா உப்பு யாவாரி. உனக்கு வட்டை விளங்காது."

நான் தொதல் தின்றேன். பிறகு அவர் கேட்டார்: "நாலு கேள்விதானே உன்னட்ட இருக்கு? வேற ஆக்கள் கேக்க ஒண்ணாவா?"

"வேற ஆரு கேக்கிற?"

"நான் கேக்கிறன். பதினைஞ்சு வருஷமா என்ட நெஞ்சில கிடக்கு. எழுது."

அன்று மாலை அசனார் காக்காவின் கேள்வியை அவர் சொன்னபடியே போட்டேன்: 'இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு சிறுபோகத்தில் விதானையார் நாற்பத்தோராம் வயலுக்கு ஒரு நாள் பிந்தித் தண்ணீர் விட்டார். துருசுப் பூட்டின் திறப்பு தொலைந்துவிட்டது என்றார். இது நம்பக்கூடியதா?'

நான்கு நிமிடத்தில் கேதீஸ்வரி ரீச்சர்: 'திறப்புகள் தொலைவது வழமை. நம்பலாம். 8/10.' கட்டாரிலிருந்து மூன்று பேர் நம்பவில்லை. சுவிஸ் மருமகன் துருசின் படம் கேட்டார். ஐந்து நாளில் முப்பத்தெட்டுப் பதில்கள். அப்பாவின் எந்தக் கேள்விக்கும் அவ்வளவு வந்ததில்லை. ஆறாம் நாள் அசனார் காக்கா எழுதினார்: 'கேட்டவன் பதில் சொல்லத் தேவையில்லை. இந்த முறை கடைசி வயல் விதானையாரின் வீடு. மகள் சொல்லட்டும்.'

மூன்று வருடங்களாக வலைப்பூவை ஓட்டியிருக்கிறேன். ஒரு கேள்விக்கும் நான் பதில் எழுதியதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அப்பாவின் தண்ணீர்முறைக் கொப்பிகள் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. வருடத்துக்கு ஒன்று. இரண்டாயிரத்துப் பத்தை எடுத்தேன். ஆனி மாதப் பக்கத்தில், பென்சிலில்: '41 – ஒரு நாள் பிந்தி. மகள் ஓட்டம், புளியந்தீவு. எட்டாவது.'

திறப்பு தொலையவில்லை.

அந்த ஓட்டம் நினைவிருக்கிறது. வலய விளையாட்டுப் போட்டி, எண்ணூறு மீற்றர். எனக்குப் பதினொரு வயது. நான் ஓடி முடித்தபோது அடுத்த போட்டிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா நீலச் செருப்பும் சிவப்புச் செருப்புமாகக் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். ஓடியது மொத்தம் எட்டுப் பேர்.

"எட்டுக்குள்ள வந்திட்டியே புள்ள" என்றார். சர்பத் வாங்கித் தந்தார்.

கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தேன். பதில் எழுதினால், பொய் சொன்னவனோடு தேநீர் குடிக்காத வட்டையில் விதானையார் பொய் சொன்னது நாற்பது பேருக்குத் தெரியவரும். திருப்பி 'பார்ப்பம்' என்று சொல்ல அவரும் இல்லை. எழுதாவிட்டால் அடுத்த கேள்வியைத் திறக்கத் தேவையில்லை. அந்த நான்கும் அப்படியே இருக்கும், எவ்வளவு காலமும். எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அம்மாவிடம் கொப்பியைக் காட்டினேன். வாசித்தாள். "அந்த ஆள் பதினைஞ்சு வருஷமாக் காத்திட்டு இருக்காரு. சொல்லு" என்றாள். பிறகு, "திறப்பெண்டு என்னட்டயும்தான் சொன்னாரு. நான் அலுமாரியெல்லாம் தேடினன்" என்றாள்.

எழுதினேன். 'வந்திட்டு. திறப்பு தொலையவில்லை. அப்பா என் ஓட்டம் பார்க்கப் போயிருந்தார். நான் எட்டாவதாக வந்தேன். அந்த ஒரு நாள் என்னுடையது, காக்கா.' கொப்பிப் பக்கத்தின் படத்தையும் சேர்த்தேன்.

நான்கு நிமிடத்தில் ரீச்சர் எழுதினார்: 'என் புள்ளியை மீளப் பெறுகிறேன்.'

இன்றோடு ஒன்பது நாள். என் பதில் நாற்பத்தோராம் வயலுக்குப் போய்ச் சேர்ந்தாப்பிறகுதான் அடுத்தது; அசனார் காக்காவிடமிருந்து இன்னும் ஒன்றும் இல்லை. நான்கு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. நான் ஏறாவூருக்குப் போகவில்லை. போய்ப் பார்க்கத் தேவையில்லாமல் நேற்று ஒரு வரி வந்தது.

'(மாமா யோசிக்கிறார். கடைப்பக்கம் போயிருக்கிறார். – பர்ஸானா)'